இரண்டு பந்து, இரண்டு நிமிடம்

மொட்லாலெபுலா என்றால் மழையோடு வந்தவள் என்று பொருள். போட்ஸ்வானாவில் அது பெருமையான பெயர். பிரசவ வலி எடுக்கும் நேரத்தில் வானம் திறந்துகொண்டால், பிறப்பது ஆணோ பெண்ணோ, பெயர் அதுதான். யாரும் உட்கார்ந்து யோசிக்க மாட்டார்கள். பெயரில் ஒரு குற்றமும் இல்லை. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஒருத்தி கிரிக்கெட் மைதானத்தில் வேலைக்குச் சேர்ந்ததுதான் வேடிக்கை.

"ம்மா, நாளைக்கு மேட்ச் இருக்கு. நீங்க பேசாம வீட்டிலேயே இருந்துடுங்களேன்" என்பார்கள் ஆட்டக்காரப் பிள்ளைகள்.

"ஏன், நான் வந்தா உன் பேட்டுல பந்து படாதா? போன வாரம் நான் வரவே இல்ல. அப்பவும் படலையாமே?"

மொட்லாலே என்று சுருக்கிக் கூப்பிடுவார்கள். அவளிடம் வாய் கொடுத்து மீண்டவர் குறைவு. ஆனால் யாரும் ம்மா போடாமல் அவளிடம் பேசியதில்லை, அவளும் ர்ரா போடாமல் எந்த ஆணிடமும் பேசியதில்லை. பெண் என்றால் ம்மா, ஆண் என்றால் ர்ரா. அந்த இரண்டு எழுத்து மரியாதை இல்லாமல் எங்கள் ஊரில் குடிக்கத் தண்ணீர்கூடக் கிடைக்காது.

இது நடந்தபோது அவளுக்கு ஐம்பத்தொரு வயது. பிறந்தது ஷோஷோங் கிராமத்தில். இருபத்து மூன்று வயதில் தலைநகர் கபரோனேக்கு வந்து, வறட்சி நிவாரண வேலையில் சாலையோரம் புல் வெட்டினாள். பிறகு மைதானத்துப் பெவிலியனில் கூட்டிப் பெருக்கவும், தேநீர்க் கோப்பை கழுவவும் சேர்ந்தாள். அந்தக் காலத்தில் அவளுக்கும் கிரிக்கெட்டுக்கும் இருந்த உறவு, கழுதைக்கும் கற்பூர வாசனைக்கும் உள்ள உறவுதான். ஆனால் தரை அவளுக்குத் தெரியும். பிட்ச் வெயிலில் வெடித்து, பந்து ஒரு தடவை கணுக்காலுக்கும் ஒரு தடவை காதுக்கும் போவதை ஜன்னல் துடைத்தபடியே பார்த்துவிட்டு, அப்போது மைதானம் பார்த்துக்கொண்டிருந்த தென்னாப்பிரிக்கக்காரரிடம் போய்ச் சொன்னாள்: "ர்ரா, இது தப்பு மண்ணு. எங்க வீட்டு முற்றத்துக்கு இந்த மண்ணைப் போட்டா எங்கம்மா என்னை விளக்குமாத்தால அடிச்சிருப்பா."

கறையான் புற்று மண்ணைத்தான் அவள் சொன்னாள். எங்கள் கிராமங்களில் முற்றம் மெழுகுவது அதில்தான். இடித்து, சலித்து, நனைத்துப் போட்டால் கல்லாக இறுகும். மனிதர் முதலில் சிரித்தார். பிறகு ஓரத்தில் ஒரு கீற்றுக்கு மட்டும் போட்டுப் பார்த்தார். பந்து ஒரே உயரத்தில் எழும்பியது. அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. அவளைத் துடைப்பத்திலிருந்து எடுத்து ரோலரில் போட்டார். ஒப்பந்தம் முடிந்து அவர் ஊர் திரும்பிய நாளில் ரோலர் சாவி அவள் கையில் இருந்தது. வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை.

அப்படித்தான் அவள் மைதானத்தின் தற்காலிகப் பொறுப்பாளர் ஆனாள். எங்கள் நாட்டில் தற்காலிகம் என்ற சொல்லுக்கு ஆயுசு கெட்டி. நான்கு வருடம் ஓடியது. வாசல் பலகையில் செயலாளர் பெயர் இருந்தது, கோச் பெயர் இருந்தது. 'மைதானப் பொறுப்பாளர்' என்று எழுதி, அதற்கு எதிரே வெள்ளைப் பெயின்ட் மட்டும் அடித்து வைத்திருந்தார்கள். தினமும் காலையில் அந்த வெள்ளையைத் தாண்டித்தான் அவள் உள்ளே போவாள். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். ஆனால் அது அங்கே இருப்பது அவளுக்கு முதுகில் தெரியும்.

அந்த வருடம் ஆப்பிரிக்கத் தகுதிச் சுற்று எங்களுக்கு வந்தது. உலகக் கோப்பைக்குப் போகும் ஏணியில் கீழ்ப்படி. போட்ஸ்வானா, மொசாம்பிக், லெசோத்தோ, எஸ்வாத்தினி, கேமரூன், சீஷெல்ஸ் என்று ஆறு அணிகள். எட்டு நாளில் பதினைந்து ஆட்டம். முதலாவதாக வரும் அணிக்கு மட்டும் அடுத்த படி.

சங்கத்தின் செயலாளர் மாருபிங் அவளை அழைத்தார். எப்போதும் கோட்டும் டையுமாக இருப்பவர். நாற்பது டிகிரி வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர். நல்ல மனிதர்தான், ஆனால் விதியைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடுகிற ரகம்.

"ம்மா, போர்டுல டிப்ளமா படிச்ச ஆள் வேணும்னு கேக்கறாங்க. வெளிநாட்டுல இருந்து ஒருத்தன் விண்ணப்பமும் போட்டிருக்கான். நான் உங்களுக்காகப் பேசி வச்சிருக்கேன். எட்டு நாள். மைதானத்தால ஒரு மேட்ச்கூடக் கெடக்கூடாது. கெடலைன்னா ஒன்பதாம் நாள் உங்க நிரந்தர உத்தரவுல கையெழுத்து."

"கெட்டா?"

"கெட்டா டிப்ளமாக்காரன் வருவான். நீங்க கோப்பை கழுவத் திரும்பணும்."

"சரி, ர்ரா" என்றாள். வெளியே வந்து ரோலரின் மேல் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாவது வருடமாக மழை இல்லை. அணையில் தரை தெரிந்தது. ஷோஷோங்கில் மாட்டுப் பட்டியைப் பார்த்துக்கொள்ளும் தம்பி கவோனே தினமும் சாயங்காலம் போன் செய்வான். நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. முதல் கேள்வி மழைதான்.

"அங்க ஏதாச்சும் உண்டா, அக்கா?"

"வானம் இருக்கு. அதுல ஒண்ணும் இல்ல."

"நேத்து செவலை படுத்தது எந்திரிக்கல. இன்னும் பதினோரு மாடு. உன் பேருக்கு ஒரு நாளாச்சும் வேலை குடேன்."

எங்களுக்கு மழைக்கும் புலா, பணத்துக்கும் புலா, வாழ்க என்பதற்கும் புலா. ஊர்ச்சபையில் தலைவர் பேசி முடித்தால் புலா என்று கத்துவோம். எங்கள் பையன் பவுண்டரி அடித்தாலும் அதையேதான் கத்துவோம். கல்யாணப் பந்தல் மழையில் சரிந்து எல்லோர் தலையிலும் விழுந்தபோது, பந்தலுக்கு அடியிலிருந்து பெண்ணின் தாயார் புலா என்று கூவியதை நானே கேட்டிருக்கிறேன். மழையைப் பழிக்க எங்களுக்கு வாய் வராது. ரேடியோவில் கிரிக்கெட் சொல்பவர்கூட, மழையால் ஆட்டம் கெட்டது என்று சொல்ல மாட்டார். "மழை நம்மைப் பார்க்க வந்திருப்பதால் ஆட்டம் காத்திருக்கிறது" என்பார்.

இப்படிப்பட்ட ஊரில் ஆறு ஆட்களைச் சேர்த்து, மழை விழுந்தால் பிட்சின் மேல் கவர் இழுக்கப் பழக்குவது லேசான காரியமில்லை. அந்த ஆறு பேரில் மூத்தவன் பாஷி. முதல் நாளே தகராறு செய்தான்.

"ம்மா, மழை வர்றப்போ அதுக்கு எதிரா துணி போத்தறதா? நல்லதுக்கில்ல."

"எதிரா ஒண்ணுமில்ல, ர்ரா. நீங்க மழையில போறப்போ தொப்பி போடறதில்ல? அதே மாதிரி பிட்சுக்குத் தொப்பி."

பாஷி யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டான். அவள் விசில் ஊதுவாள், அவர்கள் இழுப்பார்கள். முதலில் நான்கு நிமிடம் ஆனது. ஒரு மாதம் காய்ந்த தரையில் பயிற்சி செய்து தொண்ணூறு விநாடிக்குக் கொண்டுவந்தாள். மழையே இல்லாத ஊரில் தினமும் கவர் இழுத்துக்கொண்டிருந்த அவர்களைப் பார்த்து வேலிக்கு வெளியே போனவர்கள் சிரித்தார்கள்.

ஏழு நாள் எண்ணெய் போட்ட மாதிரி ஓடியது. விடியுமுன் எழுந்து பிட்சைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள். ரோலர் ஓட்டுவாள். கோடு போடுவாள். பதினான்கு ஆட்டத்தில் ஒரு பந்துகூடத் தாறுமாறாக எழும்பவில்லை. எங்கள் கூட்டம் பவுண்டரிக்குப் பவுண்டரி புலா என்று கத்த, சீஷெல்ஸ் பிள்ளைகள் முதல் நாள் முழுக்க வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள். யாரோ அவர்களுக்கு 'மழை, மழை' என்று மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

கடைசி ஆட்டம் எங்களுக்கும் சீஷெல்ஸுக்கும். மொசாம்பிக் ஏற்கெனவே தன் ஆட்டங்களை முடித்துவிட்டு எங்களைவிட இரண்டு புள்ளி மேலே இருந்து காத்திருந்தது. ஜெயித்தால் ரன் ரேட்டில் நாங்கள். தோற்றால் அவர்கள். ஆட்டம் கைவிடப்பட்டுப் புள்ளியைப் பங்கிட்டாலும் அவர்கள்தான். எங்கள் பிள்ளைகள் நூற்று முப்பத்தெட்டு எடுத்தார்கள். சீஷெல்ஸ் ஆட வந்து, நான்கு ஓவர் நான்கு பந்தில் பத்தொன்பது ரன்னுக்கு நான்கு விக்கெட். அதில் மூன்று ஒட்டெங் எடுத்தது. இருபத்து நான்கு வயது. பகலில் பார்சல் வண்டி ஓட்டுகிறவன். டொனோட்டா பக்கம் அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம், அதில் மூன்று வருடமாக விதை போடவில்லை.

விதி உங்களுக்குத் தெரியும். இரண்டாவதாக ஆடும் அணிக்கு ஐந்து ஓவர் முடிந்துவிட்டால், அதற்குப் பிறகு வானமே இடிந்து விழுந்தாலும் டக்வொர்த் லூயிஸ் கணக்குப் போட்டு முடிவு சொல்லிவிடலாம். இன்னும் இரண்டு பந்து. ஒரு நிமிட வேலை.

காலே குன்றுக்குப் பின்னால் மேகம் ஒன்று மதியத்திலிருந்தே நின்றுகொண்டிருந்தது. யாரும் அதை நம்பவில்லை. மூன்று வருடமாக அந்த மாதிரி மேகம் வந்து நின்று, ஆசை காட்டிவிட்டுப் போய்க்கொண்டுதான் இருந்தது. மொட்லாலே மட்டும் விசிலை வாயில் வைத்துக்கொண்டு கவர் வண்டியின் பக்கத்தில் நின்றாள். இரண்டு பந்து போனால் தன் உத்தரவு, பிள்ளைகளின் அடுத்த படி, எல்லாம் கைக்கு வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

ஒட்டெங் ஓடி வந்தான். பாதி ஓட்டத்தில் அவன் நெற்றியில் ஒரு துளி விழுந்தது. நெல்லிக்காய் அளவு. நின்றுவிட்டான். அடுத்த துளி. பந்தைக் கீழே போட்டான். இரண்டு கையையும் தூக்கி, முகத்தை வானத்துக்குக் கொடுத்து, அடிவயிற்றிலிருந்து கத்தினான்.

"புலாஆஆ!"

விக்கெட் கீப்பர் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுக் கத்தினான். ஸ்லிப்பில் நின்றவன் மண்டியிட்டான். நானூறு பேர் எழுந்து நின்று கத்தினார்கள். லெசோத்தோக்கார அம்பயர் தொப்பியை எடுத்து மார்பில் வைத்துக்கொண்டார். தேநீர் வைக்கிற பெண்கள் அடுப்பை விட்டுவிட்டு ஓடி வந்து குலவையிட்டார்கள். பாஷி அழுதான். அந்த மைதானத்தில் இரண்டே பேர்தான் சரியான காரியம் செய்தார்கள். அவர்கள் சீஷெல்ஸ் மட்டையாளர்கள். கடலுக்கு நடுவில் தினம் மழை பார்த்துச் சலித்தவர்கள். மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "கவர்! கவர்!" என்று கத்தியபடி பெவிலியனுக்கு ஓடினார்கள். புலா என்ற கூச்சலில் அது யார் காதிலும் விழவில்லை.

மொட்லாலேயின் வாயிலிருந்து விசில் நழுவி, கயிற்றில் தொங்கியது. மண் வாசனை வந்தது. அதை அவள் மறந்தே போயிருந்தாள். அவளுக்கு உத்தரவு ஞாபகம் இல்லை, பிட்ச் ஞாபகம் இல்லை. எழுந்திருக்காத செவலை மாடுதான் ஞாபகம் வந்தது. வாயைத் திறந்து மழையைக் குடித்தாள். கத்தினாள். சிரித்தாள். எத்தனை நேரம் என்று அவள் பிறகு மணிக்கணக்காக யோசித்துப் பார்த்தாள். இரண்டு நிமிடம். கூட இருக்காது, குறையவும் இருக்காது.

பிறகு மழை இறுகி வாளியால் கொட்டியது. பெவிலியன் பக்கத்து முனையில் பிட்சின் நிறம் மாறுவதைப் பார்த்தாள். விசிலை ஊதினாள். அந்த ஆறு பேர் எண்பது விநாடியில் கவரை இழுத்தார்கள். அவ்வளவு வேகமாக அவர்கள் அதுவரை இழுத்ததே இல்லை.

நாற்பது நிமிடத்தில் மழை விட்டது. வெயிலும் வந்தது. மணி ஐந்து பத்துக்குள் ஆட்டம் தொடங்கினால் போதும் என்றார்கள். மைதானம் மணல் தரை, பத்து நிமிடத்தில் நீரை உறிஞ்சிவிட்டது. பிட்சில் மட்டும், பந்து விழுகிற இடத்தில், ஒரு முறம் அளவுக்கு ஈரம். புற்று மண்ணின் குணம் அது. லேசில் தண்ணீர் குடிக்காது, குடித்தால் விடாது. அந்த மண்ணைக் கொண்டுவந்தவளே அவள்தான்.

பழைய துணி வைத்து ஒற்றினாள். செய்தித்தாள் விரித்து ஒற்றினாள். மாட்டிறைச்சி வேகவைத்த அடுப்பிலிருந்து தணலை அள்ளித் தகரத்தில் போட்டு, அந்த இடத்துக்கு மேலே பாஷியும் அவளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கை பொரிந்தது. அம்பயர்கள் வந்து கட்டைவிரலால் அழுத்தினார்கள். நீர் கசிந்தது. இன்னொரு தரம் வந்தார்கள். கசிந்தது. ஐந்து பத்துக்கு மூன்றாம் தரம் வந்து அழுத்திப் பார்த்துவிட்டு, அம்பயர் அவள் முகத்தைப் பார்க்காமல் பெயில்ஸை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

இரண்டு பந்து மிச்சம். மொசாம்பிக் அடுத்த படிக்குப் போய்விட்டது.

அவள் ஆட்டக்காரர்களின் அறைக்குப் போனாள். ஒட்டெங் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தான். கோச் அவன் முன்னால் நின்றிருந்தார். கோச்சும் எங்கள் ஆள்தான், ஃபிரான்சிஸ்டவுன்காரர்.

"ரெண்டு பந்து! அதைப் போட்டுட்டு ஒரு வாரம் வேணும்னாலும் ஆடிப் பாடியிருக்கலாமே! அடுத்த டூருக்கு உன் பேரு இல்ல. பார்சல் வண்டியே ஓட்டிக்கோ."

ஒட்டெங் துண்டை இன்னும் கீழே இழுத்துக்கொண்டான்.

"நானும் நின்னுட்டேன், ர்ரா" என்றாள் மொட்லாலே, கதவருகிலிருந்து. "ரெண்டு நிமிஷம். நான் நிக்காம இருந்தா பிட்ச் காஞ்சிருக்கும். இவன் போடாத ரெண்டு பந்தை இப்ப போட்டிருப்பான். அதைச் சொல்லத்தான் வந்தேன். மன்னிச்சிடுங்க, பிள்ளைங்களா."

கேப்டன் பூட்ஸைக் கழற்றியபடி, "நாங்க மட்டும் என்ன ம்மா, உக்காந்தா இருந்தோம்?" என்றான். யாரோ ஒருவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. நான்கு வருடம் உழைத்த பிள்ளைகள். வெளியே ஓடையில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது, அதைக் கேட்டு மனசு குளிர்ந்தது, அப்படிக் குளிர்ந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது.

மேட்ச் ரெஃப்ரி சிசாலே, மலாவிக்காரர், அறிக்கை எழுத மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். மாருபிங் பக்கத்தில் நின்றார். பாஷி முந்திக்கொண்டான்.

"சக்கரம் மாட்டிக்கிச்சு, ர்ரா. கவர் வண்டியோட சக்கரம். அசையவே இல்ல."

"ஆமாம், சக்கரம்" என்றார் மாருபிங் அவசரமாக. "பழைய வண்டி. புதுசு கேட்டிருக்கோம்."

மொட்லாலே வாயை மூடிக்கொண்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். பாஷி கண்ணால் கெஞ்சினான். ஆனால் அந்தச் சக்கரத்துக்கு அவள் வாராவாரம் தன் கையால் எண்ணெய் போடுகிறவள்.

"சக்கரத்து மேல பழி போடாதீங்க. அதுக்கு ஒண்ணும் இல்ல. நான்தான் நின்னுட்டேன். ரெண்டு நிமிஷம்."

"ஏன் ம்மா?" என்றார் சிசாலே.

"மழை பெஞ்சுது."

"அதுக்குத்தானே கவர்?"

"மூணு வருஷம் கழிச்சுப் பெஞ்சுது, ர்ரா."

சிசாலே பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு காகிதத்தைப் பார்த்தார். "தாமதத்துக்குக் காரணம்னு இங்க கட்டம் இருக்கு. கருவிக் கோளாறு, ஆள் பற்றாக்குறை, உடல்நலக் குறைவு. எதுல போட?"

"எதுவும் இல்ல."

'மற்றவை' என்ற கட்டத்தில் ஒரு டிக் அடித்தார்.

மாருபிங் அவளைத் தன் அறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். கோபத்தில் கோட்டைக்கூடச் சரிசெய்யவில்லை.

"தலையை ஆட்டியிருந்தா போதும்! ஒரு தலையாட்டு! சக்கரம்னு போயிருக்கும். இப்ப ரெஃப்ரி முன்னாடி நீங்களே சொல்லிட்டீங்க. நான் எப்படி ம்மா கையெழுத்துப் போடறது? மைதானத்தால மேட்ச் கெட்டுப் போச்சு. சொன்ன வாக்குன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"இருக்கு, ர்ரா. போடாதீங்க."

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஆனா நாலு வருஷம் தற்காலிகமா இருந்தவளுக்கு இல்லைன்னா, இல்லைன்னு எழுத்துல தரணும். காரணத்தோட. விதி அப்படித்தானே? அதை எழுதிக் குடுத்துடுங்க. நான் போறேன்."

விதி என்றதும் அவர் கை தானாக மேஜை இழுப்பறைக்குள் போய்ப் படிவத்தை எடுத்தது. பெயர் எழுதினார். பதவி எழுதினார். 'மறுப்பதற்கான காரணம்' என்ற இடத்துக்கு வந்து, 'மழை' என்று எழுதினார். பேனா நின்றது.

"மழை பெய்ததால்..." என்று முணுமுணுத்தார். அதை அடித்துவிட்டு, 'கவனக்குறைவு' என்று எழுதப்போனார்.

"கவனக்குறைவு இல்ல, ர்ரா. அவ்வளவு கவனமா நான் எதையும் பாத்ததே இல்ல. முதல் துளி எங்க விழுந்துதுன்னுகூடச் சொல்லுவேன்."

"சரி, தாமதம்."

"ஏன் தாமதம்னு சேர்மன் கேப்பாரே?"

சேர்மன் ஒரு ஊர்த்தலைவரின் தம்பி. போர்டில் மொத்தம் ஏழு பேர், அதில் ஐந்து பேருக்கு மாட்டுப் பட்டி உண்டு. மழைக்குச் சந்தோஷப்பட்டதற்காக ஒரு பெண்ணின் வேலையைப் பறித்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதம் அந்த ஏழு பேர் கையிலும் சுற்றப்போகிறது. அதை நினைத்து அவர் எச்சில் விழுங்கியது கேட்டது.

"நீங்களே சொல்லுங்க ம்மா, எப்படி எழுதறது?" என்றார். குரலில் பாதி கெஞ்சல்.

"நடந்ததை எழுதுங்க. மழை பெய்தபோது இவள் சந்தோஷப்பட்டாள்னு எழுதுங்க."

அவர் எழுதப்போனார். சொட்டென்று ஒரு துளி காகிதத்தில் விழுந்தது. இன்னொன்று. மொட்லாலே அவர் முழங்கையைப் பார்த்தாள். கோட்டு தோளிலிருந்து மணிக்கட்டு வரை நனைந்து கறுத்திருந்தது. டை முனையிலிருந்து நீர் இறங்கிக்கொண்டிருந்தது. மைதானத்தில் நின்றவர்களெல்லாம் இந்நேரம் காய்ந்துவிட்டார்கள். கம்பளிக் கோட்டு காயவில்லை.

"ர்ரா, நீங்க பெவிலியன் வராந்தாவுலதானே இருந்தீங்க?"

"வராந்தா ஒழுகுது."

"போன குளிர்காலத்துல நான்தான் தகரம் மாத்தினேன். ஒழுகாது."

அவர் டை முனையைப் பிழிந்தார். பிறகு, ஒரு பெரிய அதிகாரி கேட்கிற குரலில் இல்லாமல், பேருந்து நிறுத்தத்தில் பக்கத்தில் நிற்பவரைக் கேட்கிற மாதிரி கேட்டார்.

"ஷோஷோங்ல பெஞ்சுதா?"

"பெஞ்சுதாம். தம்பி போன் பண்ணான். பேச முடியல அவனால, அழுதுட்டான். உங்க பக்கம்?"

"ராத்திரிக்குள்ள வந்துடும்ங்கறாங்க." முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டார். "எழுவது மாடு ம்மா எனக்கு. நாப்பது போச்சு."

படிவத்தை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். இழுப்பறையின் அடியிலிருந்து வேறொரு காகிதத்தை எடுத்தார். அது முன்பே டைப் அடித்து, முத்திரை போட்டு, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்தது. போட்டார். ஈரக் கை பட்டு மை பரவியது. 'மாருபிங்' என்பதில் பாதிதான் படிக்க முடிந்தது.

"வாக்கு?" என்றாள்.

"வாக்கு என்னுது. அதை நான் பாத்துக்கறேன்."

அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். பொரிந்த விரலில் காகிதம் பட்டு எரிந்தது. நன்றி சொல்லிவிட்டுக் கதவு வரைக்கும் போனவள் திரும்பி நின்றாள்.

"ர்ரா, ஒட்டெங்கை டீம்லேருந்து எடுக்கறதா கோச் சொல்லிட்டிருக்கார். எடுக்கட்டும். காரணத்தை மட்டும் எழுதிக் குடுக்கச் சொல்லுங்க."